ஒரு 'க்' போனால் குடி முழுகிவிடுமா?



நம் பக்கம் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு கடைத் திறப்பு என்றால் போதும், மண்டப வாசலில் ஃபிளக்ஸ் எழும்பிவிடும். மாப்பிள்ளை படத்தைவிட வாழ்த்துகிறவர்கள் படம் பெரிதாக இருக்கும், அது வேறு கதை. நான் சொல்ல வந்தது அதன் தலையில் இருக்கும் ஒரே ஒரு சொல்லைப் பற்றி. 'வாழ்த்துகள்' என்று போடுவதா, 'வாழ்த்துக்கள்' என்று போடுவதா? தமிழ் தெரிந்த நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வரும்போது இரண்டு கட்சி ஆகியிருக்கும்!

ஒரு கட்சிக்காரர் சொல்வார்: 'வாழ்த்து' என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். அதற்குப் பின்னால் வல்லினம் வந்தால் மிகும். ஆகவே 'வாழ்த்துக்கள்'தான் சரி. பூக்கள், தெருக்கள், பசுக்கள் என்று எழுதுகிறோமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? எதிர்க்கட்சிக்காரர் விடுவாரா? பூவும் தெருவும் பசுவும் குற்றியலுகரமே இல்லையே ஐயா, அவற்றை ஏன் இழுக்கிறீர்கள்? 'கள்' என்பது தனித்து நிற்கிற சொல் இல்லை, பன்மை விகுதி. விகுதிக்கு எதற்கு ஒற்று? 'க்' போட்டால் அது மரத்தில் இறக்குகிற கள் ஆகிவிடும் என்று ஒரு கிண்டலையும் சேர்த்துக்கொள்வார். 'நாள்கள்' என்று எழுதாமல் 'நாட்கள்' என்று எழுதினாலும் இதே கள்ளைத்தான் எடுத்து ஊற்றுவார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. தடையை நீக்குங்கள் என்று நம் கொங்கு விவசாயிகள் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மரத்தில் கிடைக்காத கள் இலக்கணத்தில் மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது!

இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நன்றாகத் தமிழ் படித்தவர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்து பேசினால் கேட்பதற்குச் சுவையாகவும் இருக்கும். கோயிலா கோவிலா, சுவரிலா சுவற்றிலா, முயன்றானா முயற்சித்தானா, எங்கே 'ஒரு', எங்கே 'ஓர்' என்று இந்த வரிசை நீண்டுகொண்டே போகும். என் கேள்வி வேறு. ஒருவன் ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறான். அவன் சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு, அவன் விட்ட ஒற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோமே, அப்போது என்ன போகிறது, யாருக்குப் போகிறது? அதைத்தான் சற்று யோசித்துப் பார்க்கலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'இவனுக்கு இலக்கணம் வராது, அதனால்தான் புலம்புகிறான்' என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒற்றின் அருமை எனக்குத் தெரியும். பள்ளியில் தமிழ் ஐயா 'கீரைக் கடை', 'கீரை கடை' என்று இரண்டைப் பலகையில் எழுதிப் போட்டார். முதலாவது கீரை விற்கிற கடை. இரண்டாவது, மத்தை எடுத்துக் கீரையைக் கடை என்று வீட்டில் அம்மா போடுகிற உத்தரவு. ஒரு 'க்' வந்தால் சந்தைக்குப் போகிறோம், போனால் அடுப்படிக்குப் போகிறோம்! 'வேலை கொடு' என்றால் உத்தியோகம் கேட்கிறான். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருக்கிற வேலைக் கேட்கிறான். இரண்டாவதைக் கேட்டுப் பழநி மலைக்குப் போகலாம், வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போக முடியாது. இப்படி ஓர் எழுத்தில் பொருளே மாறுகிற மொழி நம்முடையது. அதில் எனக்குப் பெருமைதான்.

நாமெல்லாம் பட்டறையில் வேலை பழகுகிறவர்கள். அதனால் நம் பாஷையிலேயே சொல்கிறேன். முதல் செமஸ்டரிலேயே நமக்கு ஒன்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்: உலகத்தில் எந்த அளவும் அச்சு அசலாக வராது. 25 மில்லிமீட்டர் துளை போடு என்றால் சரியாக 25 யாராலும் போட முடியாது. அதனால்தான் படத்தில் டாலரன்ஸ் கொடுக்கிறார்கள். எச்7 என்று போட்டிருந்தால் 25 மில்லிமீட்டர் துளை 25-க்குக் குறையக் கூடாது, 25.021-க்கு மேலே போகவும் கூடாது. வெறும் 21 மைக்ரான்! நம் தலைமுடி அதைவிடத் தடிமன். துல்லியமாகப் பொருந்த வேண்டிய இடத்தில் இது அவசியம். பிரித்துப் போட்டால் பம்பு கத்தும், மோட்டார் சூடாகும். ஆனால் அதே எச்7-ஐ வீட்டுக் கேட்டின் கீலுக்குக் கேட்டால்? லேத்துப் பட்டறை அண்ணன் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். 'ஏனுங் தம்பி, கேட்டுக்குப் போய் ரீமர் உடச் சொல்றீங்களா?' என்று சிரிப்பார். செலவு கூடும், நேரம் போகும், கேட் என்னவோ எப்போதும் போலத்தான் திறக்கும்.

எங்கே எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று தெரிந்தவன்தான் மெக்கானிக். எல்லா இடத்திலும் மைக்ரோமீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் இல்லை. எழுத்துக்கும் இது பொருந்தும் என்பது என் கட்சி.

துல்லியம் வேண்டிய இடம் எது என்பதற்கு ஓர் உதாரணம் அமெரிக்காவில் நடந்திருக்கிறது. மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்று ஒரு பால் நிறுவனம். அதன் லாரி டிரைவர்கள் தங்களுக்கு ஓவர்டைம் கூலி வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அந்த மாநிலத்துச் சட்டத்தில் எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று ஒரு பட்டியல் இருந்தது. பதப்படுத்துவது, உறைய வைப்பது, சேமிப்பது என்று போய்க் கடைசியில் பொட்டலம் கட்டுவதும் விநியோகமும் வரும். அந்தக் கடைசி இரண்டுக்கும் நடுவில் ஒரு காற்புள்ளி இல்லை. காற்புள்ளி இருந்தால் விநியோகம் தனி வேலை, டிரைவருக்கு ஓவர்டைம் இல்லை. காற்புள்ளி இல்லாததால், விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுகிறவனுக்கு மட்டும்தான் ஓவர்டைம் இல்லை என்றும் படிக்கலாம். டிரைவர்கள் பொட்டலம் கட்டுவதில்லை, ஓட்டுகிறார்கள். சட்டம் தெளிவாக இல்லை, அதனால் தொழிலாளி பக்கம்தான் படிக்க வேண்டும் என்று 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரைவர்களுக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டது. 2018-ல் 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் ஆனார்கள். ஒரு காற்புள்ளி, 50 லட்சம் டாலர்! இந்த மாதிரிச் சண்டை என்றால் நானும் முதல் ஆளாக வந்து நிற்பேன். ஏனென்றால் அங்கே காற்புள்ளிக்குப் பின்னால் ஒரு மனிதனின் ராத்திரித் தூக்கமும் கூலியும் இருக்கிறது.

இப்போது நம் பக்கத்தில் நடந்த ஒன்று. போன வருஷம் என் வகுப்பில் சிலர் ஒரு வார்ப்படப் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போனார்கள். எந்தப் பட்டறை என்பது இங்கே வேண்டாம். வார்த்து எடுத்த உருப்படியின் ஓரத்துப் பிசிறைக் கிரைண்டிங் வீலில் தேய்த்து எடுக்கிற ஃபெட்லிங் வேலை. தீப்பொறி மத்தாப்பு மாதிரி பறக்கும். அங்கே போன பதினோரு பேருக்கும் சேர்த்துப் பாதுகாப்புக் கண்ணாடி எண்ணி மூன்று. அதிலும் ஒன்றுக்கு வார் அறுந்துபோயிருந்தது. என் தோழன் ஒருவன், அதிகம் பேச மாட்டான், எழுதவும் மாட்டான், அன்றைக்கு என்னவோ வேகம் வந்து ஒரு முழுத்தாளில் எழுதிக்கொண்டு வந்து நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினான். 'பயிற்சிக்கு செல்லும் எங்களுக்கு பாதுகாப்பு கண்ணாடி உடனே தேவை!!!' என்று தலைப்பு. கீழே பத்து வரியில் விவரம். எத்தனை பேர், எத்தனை கண்ணாடி, எந்த வீல், எத்தனை மணி நேரம், எல்லாம் இருந்தது.

மத்தியானம் போய்ப் பார்த்தால் தாளில் சிவப்பு மை. 'பயிற்சிக்கு'ப் பக்கத்தில் ஒரு 'ச்', 'எங்களுக்கு'ப் பக்கத்தில் ஒரு 'ப்', 'பாதுகாப்பு'ப் பக்கத்தில் ஒரு 'க்'. திருத்தியவர் சொன்னது சரிதான், மூன்று இடத்திலும் மிகும். ஆனால் அத்தோடு நிற்கவில்லை. அதற்குக் கீழே நீல மையில் இன்னொருவர்: இந்தக் காலத்தில் பேப்பர்க்காரர்களே ஒற்றுப் போடுவதில்லை, உனக்கு என்ன வந்தது? அதற்குச் சிவப்பு மை பதில்: அவர்கள் கெட்டால் நாமும் கெட வேண்டுமா? மூன்றாவது கை, பென்சிலில்: மூணு ஆச்சரியக்குறி எதற்கு, இது மனுவா, சினிமா போஸ்டரா? நாலாவது: ஆச்சரியக்குறி இல்லை அது, உணர்ச்சிக்குறி! ஐந்தாவது ஒரு புண்ணியவான், 'காகிள்ஸ்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் இந்த வம்பே இல்லையே என்றார். சாயங்காலம் தாளில் இடமே இல்லை. அடுத்த நாள் மன்றக் கூட்டத்திலும் இதே பேச்சுத்தான். மொழிப்பற்று, தமிழன் மானம் என்று எங்கெங்கோ போய் மணி அடித்துவிட்டது. மூன்று கண்ணாடி பதினோரு பேருக்கு எப்படிப் பத்தும் என்று ஒரே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

ஐந்து வாரம் கழித்துப் பயிற்சியில் இருந்த ஒருவன் கண்ணில் இரும்புப் பிசிறு ஏறிவிட்டது. டாக்டர் எடுத்துவிட்டார், பார்வைக்குப் பழுதில்லை, மாரியாத்தா புண்ணியம். மறுநாளே கண்ணாடி வந்து இறங்கிவிட்டது, எட்டு! அன்றைக்கே நாம் கேட்டிருந்தால் அன்றைக்கே வந்திருக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். கேட்கவே இல்லை என்பதுதான் என் ஆத்திரம். இன்னொன்றும் நடந்தது. அந்தத் தோழன் அதற்குப் பிறகு பலகைப் பக்கம் வரவில்லை. இந்த மலருக்கு ஒரு கட்டுரை கொடேன் என்று நானே இரண்டு தடவை கேட்டேன். 'நமக்கெதுக்குடா' என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். பட்டறையில் எந்த மெஷின் எப்படிக் கத்துகிறது என்று காதாலேயே சொல்லக்கூடியவன் அவன். அவனிடம் எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது. பிழை இல்லாமல் எழுதுகிற என்னிடம் அவ்வளவு விஷயம் இல்லை!

ஏன் இப்படி நடக்கிறது என்று நான் நிறைய யோசித்தேன். ஒரு காரணம் சுலபம். கண்ணாடி வேண்டும் என்றால் யாராவது அலுவலகத்துக்குப் போக வேண்டும், கேட்க வேண்டும், 'யாருடா நீ' என்ற பார்வையைத் தாங்க வேண்டும். 'க்' போடுவதற்கு ஒரு சிவப்புப் பேனா போதும். வேலை செய்த திருப்தியும் வந்துவிடும்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கக் கற்றுப் பள்ளி தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். நம் வகுப்பில் பாதிப் பேர் கதை இதுதான். அப்பா விசைத்தறியிலோ, அம்மா பனியன் கம்பெனியிலோ, தோட்டத்திலோ நின்று படிக்க வைக்கிறார்கள். நமக்கு இந்த எழுத்து புதுசாகக் கிடைத்த சொத்து. புதுசாகப் பட்டா வாங்கினவன் வெள்ளாமை வைப்பதற்கு முன்னால் வேலி போடுவான், பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரிதான். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று ராத்திரி கண் விழித்துப் படித்துச் சேர்த்தது, அடுத்தவன் கால் வைத்தால் பொறுக்க மாட்டேன் என்கிறது மனசு. அந்தச் சிவப்பு மைக்காரரும் என்னை மாதிரித்தான், அவர் வீட்டில் முதல் படிப்பாளி. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் யார் என்று பார்த்தால் நம் ஜனம்தான் நிற்கிறது!

திங்கட்கிழமை காலையில் கோவை ஆட்சியர் அலுவலகத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். குறைதீர்க்கும் நாள். வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அதில் எழுதவே தெரியாதவர்கள் உண்டு. ஆனால் எட்டாவது, பத்தாவது படித்தவர்களும் காசு கொடுத்துத்தான் எழுதி வாங்குகிறார்கள். எங்கள் ஊர் அக்கா ஒருத்தர் பத்தாவது பாஸ். 'ஏனுங்க்கா, நீங்களே எழுதலாமுல்ல' என்று கேட்டேன். 'தப்புத் தப்பா எழுதிப்போட்டா சிரிப்பாங்க சாமி' என்றார். தன் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்பதைச் சொல்ல அவருக்கு இருந்த பயம், தண்ணீர் வராததைப் பற்றி இல்லை, எழுத்துப் பிழையைப் பற்றி!

இவ்வளவு பயமுறுத்துகிற இந்த எழுத்து விதிகள் ஆதியிலிருந்தே இப்படியே இருந்தனவா என்றால் அதுவும் இல்லை. ஓலைச் சுவடியில் காற்புள்ளியும் கிடையாது, அரைப்புள்ளியும் கிடையாது. மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் வைக்கவில்லை. 'எ'வுக்கும் 'ஏ'வுக்கும் வேறுபாடு தெரியாமல் படித்தவர்கள் குழம்பினார்கள். 1710-ல் இந்தியா வந்த இத்தாலியப் பாதிரியார் வீரமாமுனிவர் கோட்டையும் சுழியையும் மாற்றிப் போட்டு அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். நாம் இன்றைக்கு 'போஸ்டரா?' என்று சண்டை போடுகிற அந்தக் குறிகள் ஐரோப்பியர் அச்சோடு வந்தவை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் தம் உரைநடை நூல்களில் அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்திக் காட்டினார். எல்லாமே ஒரு காலத்தில் புதுசு, யாரோ ஒருவர் படிக்கிறவனுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று செய்தது.

பெரிய மாற்றம் ஒன்று நம் ஈரோட்டிலிருந்தே கிளம்பியது. பழைய அச்சில் 'லை', 'னை', 'ணை', 'ளை' எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்துக்கொண்டு இருக்கும். 'ணா', 'றா', 'னா'வுக்கும் தனித்தனி வடிவம். ஒவ்வொன்றுக்கும் ஈயத்தில் தனி அச்சு வார்க்க வேண்டும், குழந்தை தனியாக ஒரு வடிவம் மனப்பாடம் பண்ண வேண்டும். 1935-ல் பெரியார் தமது 'குடி அரசு' இதழில் இவற்றை மாற்றி, மற்ற எழுத்துகளைப் போலவே அச்சடிக்கத் தொடங்கினார். மொத்தம் 13 எழுத்து. அரசாங்கம் அதை ஏற்று ஆணை போட்டது 1978-ல், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது. நடுவில் 43 வருஷம்! இன்றைக்கு இந்த மலரில் எத்தனை 'லை', எத்தனை 'னை' அடித்திருக்கிறார்கள், யாராவது ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறோமா? அன்றைக்கு இருந்த கண்ணுக்கு இந்தப் பக்கம் முழுக்கப் பிழை.

2010 ஜூன் 23 முதல் 27 வரை நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதும் எழுத்துச் சீர்திருத்தப் பேச்சு எழுந்தது. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளையும் சீராக்க வேண்டும் என்று பல வருஷம் வாதாடியவர் வா.செ. குழந்தைசாமி. அவர் கரூர்ப் பக்கத்துக்காரர், நீரியல் பொறியாளர், நம் ஜாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது இன்ஜினியர் ஜாதி! எதிர்ப்பும் பலமாக இருந்தது. மாநாடு எழுத்தில் கை வைக்காமலே முடிந்தது. எனக்கு அந்த மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்றால், வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். கோடிக்கணக்கான புத்தகம் அச்சாகிவிட்டது, கணினி எழுத்தும் வந்து நிலைத்துவிட்டது. ஆனால் அந்த விவாதத்தை நான் மதிக்கிறேன். அதில் இரண்டு பக்கமும் பேசியது, நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கு எது நல்லது என்பதைப் பற்றி. 'உன் தாளில் ஒற்று இல்லை, நீ வாயை மூடு' என்பதில்லை.

நன்னூலை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்களுக்கும் ஒரு செய்தி. சுமார் 800 வருஷத்துக்கு முன்னால் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நம் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று இங்கே சொல்லிக்கொள்கிறார்கள். விஜயமங்கலம் சமணக் கோயிலோடும் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். ஈரோட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது, எத்தனை பேர் இறங்கிப் பார்த்தோம்? அவர் 462 நூற்பா எழுதினார். அந்தக் கடைசி நூற்பாவில், காலத்துக்கு ஏற்பப் பழைய வழக்குகள் போவதும் புதிய வழக்குகள் வருவதும் குற்றம் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். முதல் 461-ஐ மனப்பாடம் பண்ணுகிறவர்கள் அதற்குள் களைத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள் போலிருக்கிறது!

எழுத்தில் மட்டும் இல்லை, பேச்சிலும் இந்தத் திருத்தல் வேலை நடக்கிறது. சேர்ந்த புதிதில் நம்மில் பல பேர் வகுப்பில் எழுந்து நின்று 'வந்துட்டனுங் சார்' என்று சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறோம். 'ஊட்டுக்கு ஒரம்பரை வந்திருக்குங்க, நோம்பி லீவு வேணுமுங்க' என்று கேட்டால் பின்பெஞ்சு உருளும். நோன்பு நோம்பி ஆனதில் என்ன குறைந்துவிட்டது? ஒரம்பரை என்று சொன்னால் சொந்தக்காரர்களும் வருகிறார்கள், அவர்களுக்காக அடிக்கிற கோழியும் சேர்ந்து வருகிறது. 'உறவினர்' என்றால் வெறும் பத்திரிகை வாசனைதான். ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை அச்சில் ஏற்றிவிட்டார். பெருமாள்முருகன் 2000-ல் கொங்கு வட்டாரச் சொல்லுக்கு அகராதியே போட்டுவிட்டார். நாம் மட்டும் இன்னும் நம் அம்மா பேச்சைக் கைக்குட்டையில் மறைத்துக்கொண்டு நிற்கிறோம்.

அப்படியானால் யாரும் யாரையும் திருத்தவே கூடாதா என்று கேட்பீர்கள். திருத்த வேண்டும் நண்பர்களே! நாளைக்கு நாம் விண்ணப்பம் எழுத வேண்டும், ரிப்போர்ட் எழுத வேண்டும். ஒரு புள்ளி தள்ளிப் போட்டால் 2.5 என்பது 25 ஆகிவிடும், மெட்டீரியல் ஸ்கிராப்புக்குப் போய்விடும். 'லாட்' முழுக்க ரிஜெக்ட் ஆகிற அவமானத்தைவிடப் பக்கத்தில் இருக்கிறவன் காதோடு சொல்வது மேல். ஆனால் காதோடு, வெளியே போவதற்கு முன்னால். லேத்தில் ஜாப் இருக்கும்போதே அளவு பார்ப்போமே தவிர, பம்பு கிணற்றுக்குள் இறங்கின பிறகு வெர்னியரைத் தூக்கிக்கொண்டு யாராவது இறங்குவோமா? ஒட்டிய தாளுக்குக் கீழே எழுதுவதாக இருந்தால் முதலில் விஷயத்துக்குப் பதில் எழுத வேண்டும். கண்ணாடி கிடைக்குமா கிடைக்காதா, நான் கூட வரட்டுமா வேண்டாமா? அதை எழுதிவிட்டு, இடம் மிச்சம் இருந்தால் 'க்' போடட்டும்.

மன்றப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மதிய உணவு நேரத்தில் அரை மணி, நூலகத்துப் பக்கத்து மர நிழலில் இரண்டு பேரை உட்கார வையுங்கள். யார் என்ன எழுதினாலும் ஒட்டுவதற்கு முன்னால் அங்கே கொண்டுவந்து காட்டட்டும். பிழை இருந்தால் பென்சிலில் திருத்திக் கையில் கொடுத்துவிடலாம், ஊரைக் கூட்ட வேண்டாம். அந்த வேலைக்கு நம் சிவப்பு மை நண்பரையே சிபாரிசு செய்கிறேன். கேலிக்குச் சொல்லவில்லை, ஒற்றில் எனக்குச் சந்தேகம் வந்தால் இப்போதும் அவரிடம்தான் போய் நிற்கிறேன். விஷயம் கேட்டதும் அவரும் சரி என்றுதான் சொன்னார், கண்ணில் பிசிறு ஏறியவன் அவருக்கும் தோழன்தான்.

இந்த வருஷம் வெல்டிங் பிரிவுக்குக் கையுறையும் கண்ணாடியும் கேட்டு ஒரு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. விவரம் எல்லாம் அந்தப் பழைய தோழன் வாயால் சொல்ல நான் எழுதினேன், அவர் படித்துப் பார்த்துவிட்டார். இன்னும் நாற்பது கையெழுத்துக் குறைகிறது. தாள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் வந்து போட்டுவிட்டுப் போங்கள்.